தூக்குகிறவனுக்கு நம்பர் ஏறாது

கூலி என்று மட்டும் அந்த அக்கா எழுதமாட்டார்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச் சந்தில் அவருடைய ஜெராக்ஸ் கடை இருந்தது. ஒரு மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், வெளியே ஒரு மரப்பெஞ்சு. திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். போளூர், சேத்துப்பட்டு, தண்டராம்பட்டு பக்கத்து ஜனமெல்லாம் அன்றைக்கு அந்தச் சந்தில்தான் நிற்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு அக்கா எழுதித் தருவார். பெயர், ஊர், வயது எல்லாம் மளமளவென்று போகும். தொழில் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும்.

“தொழில்?”

“கூலிதாம்மா.”

“அது நீங்க வாங்கறது. செய்யறது இன்னா?”

வந்தவர்கள் முழிப்பார்கள். பின்னால் நிற்பவர்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். அக்கா அசையமாட்டார். மூன்று கேள்விகள் வைத்திருந்தார். போன வாரம் என்ன வேலை செய்தீர்கள்? போன வருஷம்? எந்த வேலைக்கு, வேறு யாரும் வேண்டாம் என்று உங்களைத் தேடி வந்து கூப்பிடுவார்கள்? முதல் இரண்டுக்கும் தடுமாறுகிறவர்கள்கூட மூன்றாவதற்கு நிமிர்ந்து பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெண் அப்படித்தான் கூலி என்று சொல்லிவிட்டு நின்றார். கேட்டுக் கேட்டுப் பார்த்தால், விதைக்கு வைக்கிற மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உள்தோல் கிழியாமல் உடைக்க அவரைத்தான் நாலு ஊரில் கூப்பிடுவார்களாம். அக்கா ‘விதை உடைப்பவர்’ என்று எழுதினார். இன்னொரு பெரியவர் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். திருவிழாவில் சாமி தூக்கித் தூக்கி அங்கே ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குச் சதை காய்த்துப்போயிருந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியவர் வெட்கப்பட்டுச் சட்டையை இழுத்துவிட்டார்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். சந்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். கணக்கில் பெரிய படிப்பு படித்தவர். சர்க்கார் வேலைக்குப் பதிந்துவைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, வயது தாண்டிவிட்டது என்று டீக்கடைக்காரர் சொன்னார். அதைப் பற்றி அவர் வாயால் நான் கேட்டதில்லை.

நான் அங்கே போனது ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க. நெல் மண்டியில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கினேன். ஒரு மழை நாளில் லாரிக்கு வைத்த பலகை வழுக்கி, மூட்டையோடு விழுந்தேன். முதுகெலும்பில் அடி. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் போர்வை, படுக்கை விரிப்பெல்லாம் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீரில் அவள் விரல் இடுக்குகள் வெடித்து, சோறு பிசையும்போது எரியும். அவள் எரிகிறது என்று சொல்லமாட்டாள். கரண்டியால் சாப்பிடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால் அக்கா கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் பேசுகிற ஆள் இல்லை. அஞ்சாவது வரை படித்தேன். அங்கேயும் கடைசி பெஞ்சுதான்.

திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் கடையில் ஈ ஓட்டவேண்டியதுதான். அப்போது அக்கா கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவார். அவருடைய தம்பி பெங்களூருக்குப் போகும்போது அதில் விட்டுவிட்டுப் போனது. ஆகாயத்திலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு மலை, ஒரு ஆறு. கொஞ்சம் பேர் வண்டியோடு வந்து இறங்குவார்கள். மலையைக் குடைந்து வீடு கட்டி, பயிர் வைத்து ஊராக்க வேண்டும். சுடுவதும் குத்துவதும் கம்மி. பிழைப்பதுதான் விளையாட்டே. வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக ஆட்கள் குடியேற வருவார்கள். அவர்களுக்கெல்லாம் அக்கா மனு எழுத வந்தவர்களின் பெயரை வைப்பார்.

ஒவ்வொரு ஆளின் பெயருக்குக் கீழேயும் ஒரு தொழில் எழுதியிருந்தது. அது எப்படி வருகிறது என்று அவராகவே எனக்குச் சொன்னார். ஒவ்வொருத்தருக்குள்ளும் ஒரு பட்டியல் இருக்கிறது. மீன் பிடிப்பது, கல் உடைப்பது, சமைப்பது, தச்சு வேலை என்று வரிசையாக. ஒரு வேலையைச் செய்யச் செய்ய அதற்கு நேரே நம்பர் ஏறும். எது ஜாஸ்தியோ அதுதான் பெயருக்குக் கீழே வரும். யாரும் பட்டம் கொடுக்கத் தேவையில்லை. மீன் பிடிக்கிறவனாக வந்தவனைக் கல் உடைக்க விட்டால், ஒருநாள் மீன் போய்க் கல் என்று தானாக மாறிவிடும்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் வாழ்நாளில் நானாக ஒருவரைக் கேள்வி கேட்டது குறைவு. அன்றைக்குக் கேட்டேன்.

“மூட்டை தூக்கறவனுக்கு இன்னா வரும் அக்கா?”

அந்த விளையாட்டில் மூட்டை, கல், மரம், பிணம் எல்லாவற்றையும் தூக்குகிறவர்கள் இருந்தார்கள். நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் பெயருக்குக் கீழே தொழில் இல்லை. சும்மா ஆள் என்கிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருந்தது.

“தூக்கறதுக்கு நம்பர் ஏறாதுங்க” என்றார் அக்கா. “இருபது வருஷம் தூக்கினாலும் அப்படியேதான் இருக்கும்.”

நான் தலையாட்டினேன். அவர் முகம்தான் மாறிவிட்டது. விளையாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து உட்கார்ந்தார். “எந்த வேலைக்கு உங்களதான் கூப்பிடணும்னு மண்டில சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவர் என்னை விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஒருவர் அப்படி உட்கார்ந்து என்னைத் தோண்டித் தேடியது அதுவரை நடந்ததில்லை. அட்டி போடுவேன் என்று சொன்னேன். மூட்டைகளைக் கூரை வரைக்கும் சரியாமல் அடுக்குவதுதான் அட்டி. அதைக் குறித்துக்கொண்டு, வேறு என்றார். கடைசியில், முதுகில் வைத்ததும் மூட்டையின் எடை தெரிந்துவிடும், தராசும் நானும் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசப்பட மாட்டோம் என்றேன். ஈர நெல்லை மூட்டை பிரிக்காமலே சொல்லிவிடுவேன். மண்டி முதலாளி, மெஷின் தராசு வருவதற்கு முன்னால், சந்தேகமான மூட்டையை என் முதுகில்தான் ஏற்றிப் பார்ப்பார்.

அக்கா எழுந்துவிட்டார். முதுகில் ஏற்ற முடியாது என்பதால் உள்ளங்கையில் வைத்துச் சோதித்தார். பேப்பர் கட்டு, கத்தரிக்கோல், அவருடைய டிபன் டப்பா. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் அவரே கொண்டுபோய் நிறுத்துவிட்டு வருவார். எல்லாம் சரியாக இருந்தது. டீக்கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்.

“இன்னாப்பா, அக்கா உன்ன தராசாக்கிட்டாங்களா? நம்ம பால்காரன் கேன வாரத்துக்கு ஒருவாட்டி உன் கையில குடுத்துப் பாக்கணும்பா.”

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். விழுந்ததற்குப் பிறகு அதுதான் முதல்முறை.

முடமாகிப்போன தொழிலாளிகளுக்கு மாதாமாதம் ஒரு உதவி உண்டு. அடிபட்டு ஒரு வருஷத்துக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் சேர்வதற்கே எனக்குப் பத்து மாதம் ஓடிவிட்டது. அந்த உதவி வந்தால் மனைவி பாதி நாளாவது துவைப்பதை நிறுத்தலாம். வேறு வழி எதுவும் எங்களுக்கு இருக்கவில்லை. அக்காதான் மனுவை எழுதினார். தொழில் என்ற கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, ‘எடை மதிப்பீட்டாளர்’ என்று எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். மனைவியிடமும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து மனு திரும்பி வந்தது.

ஆபீஸில் இருந்த பெண் நல்லவர்தான். பொறுமையாக விளக்கினார். என் தொழிலாளர் அட்டையில் சுமை தூக்குபவர் என்று இருக்கிறது. மனுவில் எடை மதிப்பீட்டாளர் என்று இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அதோடு எடை பார்க்கிறவருக்கு முதுகு போனால் வேலை போகாதே, உட்கார்ந்துகொண்டே பார்க்கலாமே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பதில் சொல்ல வேண்டிய இடம் அது. நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திருத்தி எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்பதற்கே இரண்டு நாள் ஆனது. அதற்குள் ஒரு வருஷம் முடிந்துவிட்டிருந்தது.

காகிதத்தை அக்காவின் மேஜை மேல் வைத்தேன். படித்தார். மறுபடி படித்தார். பிறகு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கடை திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் வந்ததும் முதலில் செய்தது, ஒரு புது மனு எழுதியதுதான். தவறு என்னுடையது, இவர் படிக்காதவர், நான்தான் தெரியாமல் மாற்றி எழுதிவிட்டேன் என்று எழுதிக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும், கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னோடு வந்து வரிசையில் நின்றார். மனு எழுதக் காத்திருந்தவர்கள் வேறு கடையைப் பார்த்துப் போனார்கள். வேண்டாம் அக்கா என்று சொல்ல நினைப்பேன். சொல்ல மாட்டேன். வரவில்லையென்றால் நான் தனியாக நிற்க வேண்டுமே என்ற பயம்தான். அந்தப் பயத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வாசலில் போலீஸ்காரம்மா எல்லார் பையையும் பிரித்துப் பார்ப்பார். மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதையெல்லாம் எதற்குக் கொண்டுவருகிறார்கள் என்று முன்பு நினைத்திருக்கிறேன். நாலாவது மனுவுக்குப் பிறகு நினைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் போனபோது அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். எட்டிப் பார்த்தேன். ஊரில் ஆட்கள் அங்கங்கே விழுந்து கிடந்தார்கள். மீன் பிடிப்பவர், சிலை செதுக்குபவர், கொல்லர் என்று பெயருக்குக் கீழே தொழில் அப்படியே இருந்தது. சண்டை வந்துவிட்டதா என்று கேட்டேன்.

“பசி” என்றார்.

விளைச்சலுக்குக் குறைவில்லை. அறுத்ததெல்லாம் வயலில் குவிந்து கிடந்தது. அதை உள்ளே கொண்டுவர ஆள் இல்லை. நான் அந்தக் கேள்வி கேட்ட அன்றைக்கே, தூக்குகிற வேலையை எல்லோரிடமிருந்தும் அக்கா எடுத்துவிட்டாராம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு தொழில் கொடுத்து, நம்பர் ஏறட்டும் என்று விட்டுவிட்டாராம். உள்ளே சேர்த்துவைத்தது தீரும்வரை ஓடியிருக்கிறது. சாப்பாடு வெளியில் அழுகிக்கொண்டிருந்தது. உள்ளே சமையல்காரர் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார்.

“தூக்கறவன் இல்லனா ஒரு வேளை சோறு இல்ல” என்றார் அக்கா. “அவனுக்குத்தான் நம்பர் தர மாட்டேங்குது.”

நான் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டேன். அவர் அந்த ஊரை மூடவில்லை. கடைசி ஆள் விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவர் விளையாடி நான் பார்க்கவில்லை.

ஏழாவது மனு கொடுக்கப் போன திங்கட்கிழமை, வாசலில் புதிதாக ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் பெயர், ஊர், தொழில் எழுத வேண்டும். வெயிலில் வரிசை நீளமாக இருந்தது. அக்கா எனக்கு முன்னால் நின்றார். பெயர் எழுதினார். வேங்கிக்கால் என்று எழுதினார். பிறகு பேனா நின்றது.

அந்தப் பேனா அப்படி நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்காகத்தான் நிற்கும். போன வாரம், போன வருஷம், எந்த வேலைக்கு உங்களைத் தேடி வருவார்கள். அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா என்று தெரியாது. கடையில் கூட்டம் போய் வாரக்கணக்காகிவிட்டது. முக்கால்வாசிப் பேர் போனிலேயே மனுவை அனுப்பப் பழகிவிட்டார்கள். போலீஸ்காரம்மா, சீக்கிரம்மா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க என்றார்.

அக்கா எழுதினார். தோளுக்கு மேலே எனக்குத் தெரிந்தது. கூலி.

போலீஸ்காரம்மா எட்டிப் படித்துவிட்டு, கூலிக்குப் போறவங்க மாதிரி தெரியலையே என்றார்.

“எழுதியாச்சு, வுடுங்க” என்றார் அக்கா. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

எனக்காக எப்போதும் அவர்தான் எழுதுவார். அன்றைக்கு நோட்டை என் பக்கம் திருப்பிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில், நடந்துகொண்டே சொல்லிப் பழகியிருந்ததால் ஒரு எழுத்தும் விடாமல், எடை மதிப்பீட்டாளர் என்று எழுதினேன்.

அக்கா குனிந்து படித்தார். “அது வேணாங்க. மறுபடியும் தப்பாயிடும்.”

“வாசல் நோட்டுதான, யாரும் படிக்க மாட்டாங்க” என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். உள்ளே போய் மனுவைக் கொடுத்தோம். அந்த மனுவில் சுமை தூக்குபவர் என்றுதான் இருந்தது. அட்டைக்கும் மனுவுக்கும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் வருஷம் தாண்டியது தாண்டியதுதான். இனி இதைப் பற்றி மனு வாங்க வழியில்லை என்று பதில் வந்தது.

அதை அவரிடம் காட்டப் போனபோது ஷட்டர் முழுசாக இறங்கியிருந்தது. மெஷினை விற்றுவிட்டு, தம்பியிடம் பெங்களூருக்குப் போய்விட்டார் என்றார் டீக்கடைக்காரர். ஓசூர் என்று இன்னொருவர் சொன்னார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனதில் எனக்குக் கோபம் இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடிந்திருக்காது. கேட்டுக்கொண்டு நிற்க என்னாலும் முடிந்திருக்காது. பெஞ்சு மட்டும் வெளியே கிடந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன். இப்போது அங்கே செல்போனுக்கு உறை விற்கிறார்கள்.

நான் கோயில் பக்கம் ஒரு செருப்பு வைக்கிற இடத்தில் டோக்கன் கொடுக்கிறேன். குனியக்கூடாது என்பதால் வருகிறவர்களே செருப்பை அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். பௌர்ணமிக் கூட்டம் வந்தால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முதுகு கேட்காது. மனைவி இன்னும் துவைக்கிறாள். கரண்டியால்தான் சாப்பிடுகிறாள்.

அக்கா போன ஊரிலும் வாடகை வீட்டுக்கோ, ரேஷனுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ ஏதாவது ஒரு காகிதம் நிரப்பத்தான் வேண்டியிருக்கும். மூன்றாவது, நாலாவது கட்டத்தில் தொழில் என்று வரும். பக்கத்தில் நான் இருந்தால் பேனாவைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். அந்த மூன்று கேள்வியும் எனக்கு மனப்பாடம். முதல் இரண்டைக் கேட்டிருக்கவே மாட்டேன்.